சர்பத் பழம் என்று சொல்லி வைத்த கிண்ணம்

நம் பானக் கவுண்டரில் மது கலந்த ஜக்குகளுக்கு முன்னால் ஒரு பழைய அட்டை தொங்குமே, அதைப் பற்றி உங்களில் ஒருத்தி கேட்டாள். "எழுத்து கோணல்மாணலா இருக்குக்கா, பிரிண்ட் போட்டு மாத்திரலாமா?" என்று. அதே நாள் உங்களில் இன்னொருத்தி, "ருசி பார்க்காம எப்படிக்கா இதெல்லாம் கலக்குறீங்க?" என்றும் கேட்டாள். அன்று மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கிவிட்டார்கள். நாற்பது பேருக்கு நன்னாரி ஊற்ற வேண்டியிருந்தது. இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லாமலே நான் வேலையிலிருந்து விடைபெற்றுவிட்டேன்.

இப்போது தோள்பட்டை வலியோடு ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். கவுண்டர் உங்கள் கைக்கு வந்துவிட்டது. எதில் எவ்வளவு சேர்ப்பது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும், அதை நான் எழுதப் போவதில்லை. இரண்டு கோடைக்கு முன்னால் ஒரு பகலில் நடந்ததை மட்டும் எழுதுகிறேன். இரண்டு கேள்விக்கும் பதில் அதில்தான் இருக்கிறது.

ராஜபாளையத்தில் ஒரு குடும்பம். மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள். அவர்களிடம் பல வருடமாகத் துணி வாங்கும் ஓர் ஆங்கிலேய அம்மா அந்த மே மாதம் கடைசி முறையாக வருவதாக இருந்தது. அதோடு அவர் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார். மலையடிவாரத்தில் இருக்கும் தங்கள் மாந்தோப்பில் அவருக்கு ஒரு மாலை விருந்து வைக்க வேண்டும் என்று முதலாளியின் மனைவி ஆசைப்பட்டார். அவரைத் தோப்பு அம்மா என்றே எல்லோரும் கூப்பிடுவோம்.

தோப்பு அம்மா என்னை வரச் சொல்லி, மேசையில் மூன்று பாட்டில்களை எடுத்து வைத்தார். கருஞ்சிவப்பு நிறம்.

"நாங்க இங்கிலாந்து போனப்ப அவங்க வீட்டுத் தோட்டத்துல இதத்தான் குடுத்தாங்க. பெரிய கண்ணாடி ஜக்குல பழம், வெள்ளரிக்கா, புதினா எல்லாம் மிதக்கும். வெயில் காலத்துல அங்க எல்லாரும் இதான் குடிப்பாங்களாம். அதே மாதிரி நம்ம மாமரத்தடியில வச்சு அந்தம்மா கையில குடுக்கணும். முடியுமா?"

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கேட்டரிங் டிப்ளமோ படித்து, கொடைக்கானலில் ஒரு ஹோட்டலில் இரண்டு வருடம் பார் பயிற்சி எடுத்தவள் நான். கல்யாணமாகி இங்கே வந்த பிறகு ரோஸ் மில்க், பாதாம் பால், நன்னாரி. எப்போதாவது கிளப் விருந்தில் ஒரு ஜின், ஒரு லைம். அவ்வளவுதான். படித்த படிப்புக்கு முதல் முறையாக ஒரு சரியான வேலை வந்திருக்கிறது. "முடியும்மா" என்றேன். அதைச் சொன்ன வேகத்தில் என் குரலே எனக்கு வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

விருந்தில் மது பரிமாறுவதற்கான அனுமதியை அவர்கள் முறையாக வாங்கிவிட்டார்கள். நான் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தேன். ஆரஞ்சுத் தோல், ஏதோ காட்டு வேர், லேசாக இருமல் மருந்து. ஜின்னில் மூலிகைகளை ஊறவைத்துச் செய்தது. ஒரு பங்குக்கு மூன்று பங்கு எலுமிச்சை சோடா விட்டால் பால் விடாத டீ நிறத்துக்கு வர வேண்டும். நான் ருசி பார்ப்பதில்லை; மூக்கும் கண்ணும் அளவுக் கோப்பையும்தான் எனக்கு நாக்கு. கொடைக்கானலில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்த பெரியவர் அப்படித்தான் பழக்கியிருந்தார். அவருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. தண்ணீர் பாட்டிலில்கூட 'தண்ணீர்' என்று எழுதி ஒட்டுவார். நாங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் சிரிப்போம்.

விருந்து நாள் காலையில் முதல் இடி. கொடைக்கானலிலிருந்து வந்த ஸ்ட்ராபெர்ரி பஸ்ஸிலேயே கூழாகிவிட்டது. பெட்டியைத் திறந்தபோது ஜாம் வாசனை வந்தது. இன்னொரு பெட்டி வரவழைக்க நேரமில்லை. ஐந்து நிமிடம் தோப்புக்குள் நடந்தேன். தலைக்கு மேலே கொத்துக்கொத்தாக மாம்பழம், சப்பட்டை என்று எங்கள் பக்கம் சொல்லும் ரகம். முழுக்கப் பழுத்தது சோடாவில் கரைந்து நார் நாராகிவிடும். செங்காய்ப் பருவத்தில் இருந்ததைப் பறித்துக் கட்டம் கட்டமாக நறுக்கினேன். மாம்பழ வாசனை மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடக் கூடாது என்பதற்காக, தண்ணீர் கலக்காத மதுவிலேயே துண்டுகளை ஊறப் போட்டேன். பெரிய எவர்சில்வர் கிண்ணம். பன்னிரண்டு மணிக்கு ஃப்ரிட்ஜில் வைத்தேன். எனக்கு என்னைப் பற்றியே பெருமை தாங்கவில்லை. இங்கிலாந்தில் எவனுக்கும் தோன்றாத யோசனை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் தோப்புச் சமையல்காரி பேச்சியம்மாள் எட்டிப் பார்த்தார்.

"என்ன தாயி இது, ரத்தத்துல போட்ட மாதிரி இருக்கு?"

அவருக்குப் பக்கத்தில் என் மகள் அபி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு இருபது வயது. வீட்டிலிருந்து கண்ணாடி ஜக்குகளை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தாள்.

ஒரு நொடிதான். அந்த நொடியைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். என் வீட்டுக்காரர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். மிலிட்டரி கேண்டீனில் அவர் வாங்கும் பாட்டிலைக்கூட மகள் கண்ணில் படாமல் பீரோவுக்கு மேலே வைக்கச் சொல்கிறவள் நான். அம்மா கல்யாணங்களில் ஜூஸ் கலக்குகிறாள் என்பது மட்டும்தான் அபிக்குத் தெரியும். சாராயம் கலக்குகிறாள் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? பேச்சியம்மாள் ஊர் முழுக்கச் சொல்ல மாட்டாரா?

"வெள்ளைக்காரங்க சர்பத்துக்குக்கா. சர்பத் பழம்" என்றேன்.

"அதுக்கா இம்புட்டுப் பாடு!" என்று சிரித்துவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போனார். அபி ஒன்றும் கேட்கவில்லை. அம்மா சொன்னால் அப்படித்தான் இருக்கும் என்று நம்புகிற வயதைத் தாண்டியும் நம்புகிற பிள்ளை அவள்.

நான் மேசை போடத் தோப்புக்குள் போனேன். அங்கே இன்னொரு சிக்கல். தோப்பு அம்மா இடம் பார்த்திருந்த மரத்தில் முசுறு எறும்புக் கூடு. காற்று அடித்தால் சிவப்பு முசுறுகள் உதிர்ந்து ஜக்கில் விழும். விருந்தாளியின் கழுத்திலும் விழும். மரம் மரமாக அண்ணாந்து பார்த்து, கூடு இல்லாத ஒரு மரத்தைக் கண்டுபிடித்து, மேசைகளை மாற்றி, துணி விரித்துத் திரும்ப இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. சோடாவில் ஒரு பெட்டி மட்டும் காலையில் வந்திருந்தது. மீதி எட்டுப் பெட்டியை மம்சாபுரத்துச் சோடாக் கம்பெனி முத்தையா மூன்று மணிக்குக் கொண்டுவர வேண்டும். எல்லாம் நேரப்படி நடக்கிறது என்று மனதுக்குள் தாளம் போட்டுக்கொண்டே அடுக்களைக்குள் நுழைந்தேன்.

பேச்சியம்மாள் பாடிக்கொண்டிருந்தார். அவர் பாடி யாரும் கேட்டதில்லை. தேங்காய் துருவிக்கொண்டே தலையை ஆட்டி ஆட்டிப் பாடுகிறார்.

"என்னக்கா, ஒரே குஷியா இருக்கீங்க?"

"என்னமோ தெரியல தாயி. காத்து நல்லா அடிக்கு. அந்த மோட்டார் ரூம்பு நம்ம பக்கமா நடந்து வாற மாதிரி இருக்கு பாரேன்."

ஓடிப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். கிண்ணத்தில் பாதிதான் இருந்தது.

"அக்கா, இதை யாரு தின்னா?"

"நான் ரெண்டு துண்டு வாயில போட்டேன். ஏசாத தாயி. உன் மகதான் ஒரு கிண்ணம் தின்னா. காலையில இருந்து ஒண்ணுமே சாப்பிடலையாம். ஏட்டி, சோறு வடிச்சிருதேன், செத்த நேரம் இருன்னு சொன்னேன். கேக்கணுமே! அம்மா சர்பத்துப் பழம்தான பெரியம்மா, ஒண்ணுஞ் சொல்ல மாட்டாங்கன்னு அள்ளிப் போட்டுக்கிட்டா. கொஞ்சம் கசக்குதுன்னா. வெள்ளைக்காரன் சர்பத்து அப்படித்தான் இருக்கும் போலன்னு சொல்லிக்கிட்டு, அடியில நின்ன சாறையும் தூக்கிக் குடிச்சிட்டா."

"அபி எங்க?"

"மூணு மணிக்கு டைப்ரைட்டிங் கிளாசு இருக்குன்னு போயிட்டாளே."

"எப்ப?"

"இப்பத்தான். உலை கொதிக்கும்போது."

உலையைப் பார்த்தேன். சோறு வடித்துக் கவிழ்த்திருந்தது. அவள் போய்க் கால் மணி நேரம் இருக்கும்.

அபி லைசென்ஸ் வாங்கி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. வெறும் வயிறு. வாழ்க்கையில் முதல் மது, அதுவும் தண்ணீர் கலக்காதது. தான் குடித்திருக்கிறோம் என்பதே அவளுக்குத் தெரியாது. தலை சுற்றினால்கூட வெயில் என்று நினைத்துக்கொண்டு இன்னும் வேகமாக வீட்டுக்குப் போகப் பார்ப்பாள். மம்சாபுரம் வழியாகப் போகும் உள்ரோடு. ஒரு பக்கம் கண்மாய்க்கரை, வளைவுக்கு மேல் வளைவு, எதிரே மணல் லாரிகள்.

போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடிக்கும் என்று எனக்குத் தெரியும். வண்டியை எடுக்கும் முன் போனை சீட்டுக்கு அடியில் போட்டுப் பூட்ட வேண்டும் என்று சட்டம் போட்டவள் நானே. நான் போட்ட சட்டத்தைப் பிள்ளை ஒழுங்காகப் பின்பற்றுகிறாள். மறுபடி போட்டேன். மறுபடி அடித்தது. மூன்றாவது முறை விரலைக் கொண்டுபோனபோது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்: நிறுத்து. இது வேலை செய்யாது. வேறு யோசி.

இதை உங்களுக்காகவே விவரமாக எழுதுகிறேன். பதறும்போது கை ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்யும். செய்துகொண்டிருக்கிறோம் என்ற ஆறுதல் அதில் கிடைக்கும். அந்த ஆறுதலை வெட்டிவிட்டுச் சுற்றிலும் பார்க்க வேண்டும். நான் பார்த்தேன். கண்ணில் பட்டது காலி சோடாப் பெட்டி.

முத்தையா! மூன்று மணிக்குச் சோடா கொண்டுவர வேண்டியவன் இப்போது மம்சாபுரத்திலிருந்து இதே ரோட்டில் எதிரே வந்துகொண்டிருப்பான். அபியைக் குழந்தையிலிருந்து தெரியும். வண்டி ஓட்டிக்கொண்டே போன் எடுக்கிற கெட்ட பழக்கம் வேறு அவனுக்கு உண்டு. அதற்காக நான் அவனை ஏசாத வாரம் கிடையாது.

முதல் மணியிலேயே எடுத்தான்.

"மதினி, ஏசாதீக. ஸ்டியரிங்கப் புடிச்சிட்டுத்தான் பேசுதேன். சோடா வந்துக்கிட்டே இருக்கு."

"தம்பி, எங்க இருக்க?"

"இப்பத்தான் ஊரத் தாண்டுதேன்."

"எதிர்த்தாப்புல அபி ஸ்கூட்டர்ல வருவா. அவளை நிறுத்தணும். அவளுக்கு உடம்புக்கு முடியல."

"முடியலன்னா மெதுவாத்தான வருவா மதினி. நான் சோடாவ இறக்கிட்டுத் திரும்புகாலுல..."

மறுபடியும் அதே காரியத்தைச் செய்திருக்கிறேன் பாருங்கள்! பிள்ளை உயிர் ரோட்டில் இருக்கிறது, என் வாய் இன்னும் மூடி மூடிப் பேசுகிறது. 'உடம்புக்கு முடியல' என்பது இன்னொரு 'சர்பத் பழம்'. அரைகுறையாகச் சொன்னால் அவனும் அரைகுறையாகத்தான் அவசரப்படுவான்.

"முத்தையா, கேளு. அபி மது குடிச்சிருக்கா. அவளுக்கே தெரியாது. நான் பழத்துல ஊறப் போட்டதைச் சர்பத்துன்னு பொய் சொல்லி வச்சிருந்தேன். தின்னுட்டு வண்டி ஓட்டிட்டு வாரா."

பிறகு அவன் குரல் மாறிவிட்டது.

"வண்டியக் குறுக்க போட்டு மறிச்சிருதேன் மதினி."

"வேண்டாம்! திடீர்னு பிரேக் அடிச்சா விழுந்திருவா. ஓரமா நிறுத்திட்டு இறங்கி நின்னு கையக் காட்டு. உன்னைப் பார்த்தா தானா நிப்பா."

"சரி. போனை வைக்கல, சீட்டுல போட்டுருக்கேன்."

நான் போனைக் காதில் வைத்தபடியே தோப்பு அம்மாவிடம் ஓடினேன். முழுதாகச் சொன்னேன். அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. அவர்கள் வீட்டில் பேசும் தெலுங்கில் டிரைவரை விரட்டினார்; ஜீப் உறுமியது. ஏறப் போனவள் திரும்பி அடுக்களைக்குள் ஓடினேன். ஏன் என்று டிரைவர் கத்தினார். அந்தப் பாதிக் கிண்ணம் இன்னும் ஃப்ரிட்ஜில் இருந்தது. பந்தி பரிமாற வந்தவர்களும் பாத்திரம் துலக்குபவர்களுமாக ஏழெட்டுப் பேர் அங்கே இருந்தார்கள். கிண்ணத்தை எல்லோரும் பார்க்கும்படி மேசையில் வைத்து, "இது சர்பத் இல்ல, சாராயம். நான் பொய் சொன்னேன். யாரும் தொடாதீங்க" என்றேன்.

பேச்சியம்மாள் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். "அடிப்பாவி மகளே! நாளைக்கு வெள்ளிக்கிழம விரதம்டீ எனக்கு!"

யாரோ சிரித்தார்கள். நான் ஜீப்பில் இருந்தேன்.

அந்தப் பயணத்தில் நான் பார்த்தது எதுவும் நினைவில்லை. கேட்டதுதான் நினைவிருக்கிறது. முத்தையாவின் போன் சீட்டில் கிடந்தது. அதன் வழியாக எட்டுப் பெட்டிச் சோடா பாட்டில்களும் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன. பிறகு வண்டி நின்றது. பாட்டில் சத்தம் அடங்கியது. கதவு திறந்தது. காற்று. ஒரு காக்கை. வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு தூரத்தில் முத்தையா கத்தினான்.

"அபி! ஏட்டி அபி! ஏட்டி கைய..."

ஏதோ தரையில் தேய்கிற சத்தம். அதன் பின்னாலேயே ஒரு லாரி ஹாரன், காதைப் பிளக்கிற மாதிரி, நீளமாக. அதோடு தொடர்பு போய்விட்டது.

"சீக்கிரம் போங்க" என்று நான் சொல்லவில்லை. டிரைவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு அதற்கு மேல் போக முடியாத வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தார். திரும்பக் கூப்பிட எனக்குத் தைரியம் இல்லை. ஹாரன் சத்தம் முடிந்த இடத்திலேயே என் மனது நின்றுவிட்டது. இன்றும் ரோட்டில் லாரி ஹாரன் கேட்டால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுகிறேன்.

கண்மாய்க்கரை மூன்றாவது வளைவில் சோடா வேன் நின்றது. கரைச் சரிவில், கருவேல முள்ளுக்குள் தலைகீழாகச் செருகியபடி ஸ்கூட்டர். பின் சக்கரம் இன்னும் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்ததாக எனக்கு ஞாபகம். அதற்குச் சாத்தியமே இல்லை என்று முத்தையா சொல்கிறான்.

வேனின் பின்னால், கவிழ்த்த சோடாப் பெட்டி மேல் அபி உட்கார்ந்திருந்தாள். முழங்காலில் ரத்தம். கையில் ஒரு பாட்டில் சோடா. என்னைப் பார்த்ததும் சிரித்தாள். வாய் நிறைய, காரணமில்லாமல், நான் அதற்கு முன் அவளிடம் பார்த்தே இராத ஒரு சிரிப்பு. அடுத்த நொடி அழுதாள்.

"முத்தையா மாமாவப் பார்த்தேம்மா. கையாட்டுனாங்க. எனக்கு அம்புட்டுச் சந்தோஷம். நானும் ஆட்டுனேன்."

"ரெண்டு கையையும் விட்டுட்டா மதினி" என்றான் முத்தையா. அவன் உதடு வெளுத்திருந்தது. "நான் கையக் காட்டாம இருந்திருந்தா..."

கையைக் காட்டச் சொன்னவள் நான். குறுக்கே நிறுத்தியிருந்தாலும் விழுந்திருப்பாளோ, தெரியாது. அதற்குள் தலை சுற்றி அவளாகவே வேகத்தைக் குறைத்திருந்ததால் சறுக்கிச் சரிவில் போய்விட்டாள். அவள் ரோட்டை விட்டு இறங்கிப் பத்து எண்ணுவதற்குள் அவள் இருந்த இடத்தின் மேல் மணல் லாரி போயிருக்கிறது. ஹெல்மெட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். காதுப் பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல்.

அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் மூச்சில் ஆரஞ்சுத் தோலும் வேரும் மாம்பழமும் மணத்தன. காலையில் நான் பெருமைப்பட்ட அதே மணம்.

"நீ தின்னது சர்பத் இல்லடா" என்றேன். நடந்ததை எல்லாம் சொல்லி முடித்தேன்.

அவள் சிரிப்பு நின்றது. பாட்டிலைக் கீழே வைத்தாள்.

"சாராயம்னு சொல்லியிருந்தா நான் ஏம்மா தொடப்போறேன்?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

ராஜபாளையத்தில் டாக்டரிடம் காட்டினோம். அவரிடமும் உள்ளதைச் சொன்னேன். ஒரே நாளில் ஐந்தாவது முறை, அதற்குள் கொஞ்சம் சுலபமாகியிருந்தது. தலையில் அடியில்லை, எலும்பு முறியவில்லை, நிறையத் தண்ணீர் கொடுத்துப் பக்கத்தில் ஆள் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். தோப்புக்குத் திரும்பியபோது மணி நாலரை தாண்டிவிட்டது. சோடாவும் எங்களோடு அப்போதுதான் வந்து சேர்ந்தது. தோப்பு அம்மா உள்ளறையில் கட்டில் போட்டு வைத்திருந்தார். அபியின் முழங்காலைத் தன் கையால் சுற்றிக் கட்டினார், கப்பலேற வைத்திருந்த பேண்டேஜ் துணியால்.

"நீ வேணா வீட்டுக்குக் கெளம்பும்மா. நான் அவங்களுக்கு இளநீ குடுத்துக்கிறேன்" என்றார்.

போய்விடத்தான் நினைத்தேன். அளவுக் கோப்பையைப் பிடிக்க முடியுமா என்றே தெரியவில்லை. அபிதான் கட்டிலிலிருந்து சொன்னாள்.

"போய்க் கலக்கும்மா. என்னால கெட்டுப்போச்சுன்னு இருக்க வேணாம்."

"உன்னால ஒண்ணும் கெடலடா."

"அப்ப யாராலன்னு எழுதி வச்சுட்டுக் கலக்கு."

பாதிப் போதையில் சொன்னதுதான். ஆனால் எனக்குக் கொடைக்கானல் பெரியவரும் அவர் தண்ணீர் பாட்டிலும் கண் முன்னால் வந்து நின்றார்கள். துணி மாதிரிகள் வைக்கும் அட்டை ஒன்றை எடுத்தேன். மார்க்கர் பேனா கையில் நிற்கவில்லை. அபி அதைப் பிடுங்கினாள். முழங்காலில் அட்டையை வைத்து, நாக்கை நீட்டிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். வரி மேலே ஏறிக் கீழே இறங்கியது.

பாதிக் கிண்ணத்தைக் கொட்டிவிட்டேன். புதிதாக மாம்பழம் நறுக்கி, ஊறவைக்காமல் நேராக ஜக்கில் போட்டேன். வெள்ளரி, ஆரஞ்சு, புதினா, ஐஸ். ஒன்றுக்கு மூன்று. முத்தையாவின் சோடா சீறிக்கொண்டு இறங்கியதும் பால் விடாத டீ நிறம் வந்தது, அப்படியே! மது உள்ள ஜக்குகளின் கைப்பிடியில் சிவப்புத் துணி கட்டினேன், அட்டையை முன்னால் மாட்டினேன். மது இல்லாத ஜக்குகளைத் தனி மேசையில் வைத்தேன். எல்லோருக்கும் கேட்கும்படி வாயாலும் சொன்னேன்.

அந்த ஆங்கிலேய அம்மா கண்ணாடி டம்ளரை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு முள்கரண்டியால் மாம்பழத் துண்டுகளைத் தேடித் தேடி எடுத்துத் தின்றார். தங்கள் ஊரில் இதைவிட நன்றாகக் குடித்ததில்லை என்று தோப்பு அம்மாவிடம் சொன்னார். என் பக்கம் திரும்பி, உனக்கு இது எப்படிப் பிடித்திருக்கிறது என்று கேட்டார்.

நான் குடித்ததில்லை என்றேன்.

உள்ளறை ஜன்னலிலிருந்து ஒரு குரல் வந்தது. "நல்லாத்தான் இருக்கும். கொஞ்சம் கசக்கும்!"

தோப்பு அம்மா அதற்கு விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. கேட்டுக்கொண்டிருந்த அந்த அம்மா டம்ளரை மேசையில் வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனார். அபியின் கட்டிலோரம் உட்கார்ந்து, தான் இத்தனை வருடம் வாங்கி விற்ற அந்தத் துணியை, அது கட்டியிருந்த முழங்காலை, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது என் கையைப் பிடித்து அழுத்தினார்.

ருசி பார்க்காமல் எப்படிக் கலக்குவது என்று கேட்டவளுக்கு: அளவும் மணமும் நிறமும் போதும், பயப்படாதே. கலப்பதில் அன்றைக்கு நான் எந்தத் தவறும் செய்யவில்லை. ஐஸ் போடுவதற்கு ஐந்து மணி நேரம் முன்னாலேயே, இரண்டு சொல்லில் தவறு செய்தாகிவிட்டது. வெட்கம்தான் காரணம். இந்த வேலையில் உங்களுக்கும் அது வரும். மாமியார் கேட்பார், பக்கத்து வீட்டில் கேட்பார்கள், சொந்தப் பிள்ளை கேட்கும். வெட்கத்தை வீட்டில் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். கிண்ணத்தில் இருப்பது என்னவென்று மட்டும் உள்ளபடி சொல்லிவிடுங்கள். நல்ல மாம்பழத்தை நம் ஊரில் யாரும் வீணாக்க மாட்டார்கள். மிச்சம் இருந்தால் பிள்ளைக்குத்தான் போகும்.

அபி இப்போது மதுரையில் வேலை பார்க்கிறாள். வாரம் ஒருமுறை பஸ்ஸில் வருகிறாள். ஸ்கூட்டரில் வரட்டுமா என்று கேட்டால் நான் பேச்சை மாற்றிவிடுகிறேன். அவள் சிரிப்பாள்.

'இதில் மது இருக்கிறது. அம்மா கலந்தது.' அந்த அட்டையில் இருப்பது அவ்வளவுதான். 'மது' என்ற சொல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும், கடைசி எழுத்து அட்டையை விட்டு இறங்கப் பார்க்கும். எழுதும்போது அவளுக்குப் போதை இன்னும் இறங்கவில்லை. அட்டையின் ஓரத்தில் பழுப்பாக ஒரு விரல் தடம் இருக்கிறதே, அது சோடாக் கறை இல்லை, பேண்டேஜையும் மீறிக் கசிந்த அவள் முழங்கால் ரத்தம்.

பிரிண்ட் போடாதீர்கள். அதுவே தொங்கட்டும்.